மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறியா, கர்ப்பமா? காத்திருப்பதா, கார்டு டெஸ்டா, ரத்தப் பரிசோதனையா?

மாதவிடாய்க்கு இன்னும் நான்கைந்து நாள் இருக்கிறது. மார்பு கனக்கிறது, அடிவயிறு இழுக்கிறது, எதைப் பார்த்தாலும் எரிச்சல், மத்தியானமே தூக்கம் சொக்குகிறது. குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு "இந்த மாசம் நின்னிருக்குமோ" என்று ஆசை. இப்போது வேண்டாம் என்றிருப்பவருக்கு அதே கேள்வி பயமாக வருகிறது. வாசகிகள் எழுதிக் கேட்பதில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: இந்த அறிகுறிகள் எதைக் காட்டுகின்றன? இன்றே சிறுநீர் விட்டுப் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்ப்பதா, பொறுத்திருப்பதா, நேரே லேபுக்குப் போய் ரத்தம் கொடுப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளிப்போவதற்கு முன்பு வரும் எந்த அறிகுறியையும் வைத்துக் கர்ப்பம் உண்டு, இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அனுபவசாலியான அம்மாவாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. முடிவு சொல்பவை இரண்டுதான்: தேதிக் கணக்கு, சரியான நாளில் செய்த பரிசோதனை.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம். எத்தனையாவது நாளில் பதில் கிடைக்கும்? அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம்? காசு, மன உளைச்சல், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடுவது என்று எல்லாம் சேர்த்து என்ன செலவு? கடைசியாக, பதில் தெரியாத அந்த நாட்களில் குழந்தைக்கோ உங்களுக்கோ கெடுதல் செய்யும் எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

பலரும் நினைக்காமல் விடுவது இந்த நான்காவது கேள்வியைத்தான். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன், வலிப்புக்கு வால்ப்ரோயேட், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு ஒரு வாரத் தாமதம்கூடப் பெரிய விஷயம். கருத்தரித்த 28 நாளுக்குள் குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்கான குழல் மூடிவிடுகிறது. நாள் தள்ளி இரண்டு வாரம் ஆவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும் என்று அர்த்தம். அதற்காக இந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக வலிப்பு மாத்திரையை. உடனே பரிசோதித்துவிட்டு, எழுதிக்கொடுத்த டாக்டரிடமே பேசுங்கள்.

## இரண்டும் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன?

கருமுட்டை வெளிவந்த பிறகு அது இருந்த இடத்தில் ஒரு சிறு திசு உருவாகி, புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மார்பு வலி, வயிறு உப்பல், மலச்சிக்கல், அசதி, உடம்புச் சூடு சற்றே கூடுவது எல்லாம் இதன் வேலை. கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் முட்டை வெளிவந்த முதல் பத்து நாளுக்கு இதே ஹார்மோன்தான் இருக்கும். ஒரே ஹார்மோன் தரும் அறிகுறியில் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்கு மார்ச் 1 அன்று மாதவிடாய் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மார்ச் 14 அன்று முட்டை வெளிவரும். அடுத்த மாதவிடாய் மார்ச் 29. கரு உருவானாலும் அது கருப்பையின் சுவரில் ஒட்ட இன்னும் 6 முதல் 12 நாள் ஆகும். அமெரிக்காவில் வட கரோலினாவில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம் எட்டு, ஒன்பது, பத்தாம் நாட்களில் ஒட்டியிருந்தன. நம் கணக்கில் அது மார்ச் 22 முதல் 24 வரை. கர்ப்பத்துக்கே உரிய எச்.சி.ஜி. ஹார்மோன் அதற்குப் பிறகுதான் சுரக்கத் தொடங்கும்.

ஆகவே மார்ச் 18 அன்று மார்பு வலித்தால் அது கர்ப்பத்தின் அறிகுறியாக இருக்க வழியே இல்லை. கருத்தரித்திருந்தாலும் உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

## அறிகுறிகள்: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அறிகுறி | மாதவிடாய்க்கு முன் | ஆரம்பக் கர்ப்பத்தில் | பிரித்தறிய உதவுமா? |
|---|---|---|---|
| மார்பு வலி, கனம் | ரத்தப்போக்கு தொடங்கியதும் குறையும் | குறையாது. சில வாரத்தில் காம்பைச் சுற்றிக் கருமை கூடும் | நாள் தள்ளிய பிறகே |
| குமட்டல், வாந்தி | சிலருக்கு லேசாக | பெரும்பாலும் 6-வது வாரத்தில் தொடங்கும் | ஓரளவு |
| ரத்தம் | வழக்கமான போக்கு | சிலருக்கு இளஞ்சிவப்பு அல்லது பழுப்புத் திட்டு, ஓரிரு நாள் | ஓரளவு |
| அடிவயிற்று வலி | முந்தைய நாளிலிருந்து கூடும் | லேசான இழுப்பு | இல்லை |
| அசதி, தூக்கம் | உண்டு | உண்டு. தொடரும் | இல்லை |
| எரிச்சல், அழுகை | உண்டு. போக்கு தொடங்கியதும் தெளியும் | உண்டு | இல்லை |
| அடிக்கடி சிறுநீர் | அவ்வளவாக இல்லை | நாள் தள்ளி ஓரிரு வாரம் கழித்து | நாள் தள்ளிய பிறகே |
| புளிப்பு, இனிப்பு ஆசை | உண்டு | உண்டு | இல்லை |

குமட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மசக்கை பெரும்பாலும் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறாவது வார வாக்கில் தொடங்குகிறது. மார்ச் 1 கணக்கில் அது ஏப்ரல் 12-ஐ ஒட்டி வரும். நாள் தள்ளியே இரண்டு வாரம் ஆகியிருக்கும். மார்ச் 25 அன்று தாளிக்கிற வாசனை பிடிக்காமல் குமட்டினால் அதை வைத்து மாமியாரிடம் நல்ல செய்தி சொல்லிவிடாதீர்கள். அதேபோல், "வாந்தியே வரல, அப்ப இருக்காது" என்று கைவிடவும் வேண்டாம். கடைசிவரை மசக்கையே தெரியாமல் பெற்றெடுப்பவர்கள் உண்டு.

ரத்தத் திட்டு இன்னொரு குழப்பம். கரு ஒட்டும்போது வருவதாகச் சொல்லப்படும் கசிவு பேட் மாற்றும் அளவுக்கு வராது. உள்ளாடையில் ஒரு கறை, துடைக்கும்போது லேசான நிறம், அவ்வளவே. இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் தெரிகிறது. "வந்துருச்சு" என்று நினைத்த மாதவிடாய் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக, ஒரே நாளில் நின்றுவிட்டால் ஒரு கார்டு போட்டுப் பார்ப்பது நல்லது.

நாடி பிடித்துச் சொல்வது, சிறுநீரில் உப்பு, சர்க்கரை, பற்பசை கலந்து நுரை வருகிறதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்கு எச்.சி.ஜி.யைக் கண்டுபிடிக்கும் திறன் கிடையாது. நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## வழி ஒன்று: காத்திருப்பது

சுழற்சி ஒழுங்காக 26 முதல் 32 நாளுக்குள் வருபவர், ஆபத்தான மருந்து எதுவும் எடுக்காதவர், குழந்தை வந்தாலும் சரி என்றிருப்பவர் ஆகியோருக்கு இதுவே நல்ல வழி. செலவில்லை. மாதவிடாய் வந்தால் கேள்வியே முடிந்துபோகிறது.

இதில் ஒளிந்திருக்கும் செலவு, காத்திருப்பு எப்போது முடியும் என்று வரையறுக்காமல் விடுவது. "நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்" என்று மூன்று வாரம் ஓட்டியவர்கள் நிறைய. மனதுக்குள் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள்: வர வேண்டிய நாளிலிருந்து ஏழு நாள். அதற்கு மேல் காத்திருப்பதில் லாபமே இல்லை.

காத்திருக்கும் நாட்களில் கர்ப்பம் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். மது, சிகரெட் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் "நாள் தள்ளியிருக்கலாம்" என்று முன்பே சொல்லுங்கள். வயிற்று வலிக்கு மெஃபனமிக் அமிலம் உள்ள மாத்திரையைக் கேட்டு வாங்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் இந்த வாரத்தில் அதைத் தவிர்த்து, தேவைப்பட்டால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டியது. பதில் தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

## வழி இரண்டு: கார்டு டெஸ்ட்

பெரும்பாலானோருக்கு இதுவே போதும். மருந்துக்கடையில் ஐம்பது ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. மத்திய அரசின் 'நிஷ்சய்' கார்டு கிராமங்களில் ஆஷா பணியாளர் வழியாக இலவசமாகத் தரப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கார்டு தவறுவதைவிட நாம் அதைப் பயன்படுத்தும் விதம் தவறுவதுதான் அதிகம். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான, உலர்ந்த கிண்ணத்தில் பிடியுங்கள். இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு முதல் சிறுநீர் என்பது தூங்கி எழுந்தவுடன் வருவது, அது மதியம் மூன்று மணியானாலும் சரி. உறையை அப்போதுதான் கிழிக்க வேண்டும். கூடவே வரும் துளிவிடு குழாயால் வட்டக் குழியில், உறையில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. கார்டு சமதளத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

'சி' பக்கம் மட்டும் கோடு என்றால் இல்லை. 'சி', 'டி' இரண்டிலும் கோடு என்றால் உண்டு; 'டி' கோடு மங்கலாக இருந்தாலும் உண்டு என்றே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். 'சி'யில் கோடே விழவில்லை என்றால் கார்டு கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனபின் சாம்பல் நிறத்தில் நிழலாகத் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். சிறுநீர் காய்ந்த தடம் அது. குப்பைக்கூடையிலிருந்து எடுத்து மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பார்த்து அழுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

எந்த நாளில் பார்ப்பது? நம் கணக்கில் மார்ச் 29-க்கு முன் பார்த்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. பல கார்டுகள் ஒரு மில்லி லிட்டரில் 20-25 மில்லி யூனிட் எச்.சி.ஜி. இருந்தால்தான் காட்டும். கரு தாமதமாக ஒட்டியிருந்தால் மார்ச் 29 அன்றுகூட அந்த அளவு சேர்ந்திருக்காது. ஏப்ரல் 5 அன்று பார்த்தால் பதிலை நன்றாக நம்பலாம்.

முன்கூட்டியே பார்ப்பதில் இன்னொரு செலவு இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். 1988-இல் வெளியான ஆய்வு ஒன்றில் எச்.சி.ஜி. வழியாகக் கண்டுபிடிக்கப்பட்ட 198 கர்ப்பங்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று மருத்துவரீதியாகத் தெரியவருவதற்கு முன்பே கலைந்துவிட்டன. கார்டு போடாதவருக்கு அது வழக்கமான, கொஞ்சம் தாமதமான மாதவிடாய். மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பே கார்டு போட்டு இரண்டு கோடு பார்த்தவருக்கு அது ஓர் இழப்பு. பல மாதமாக முயலும் பெண்கள் சுமக்கும் துக்கத்தில் இதுவும் சேருகிறது. நாள் தள்ளும்வரை கார்டு வாங்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

## வழி மூன்று: ரத்தப் பரிசோதனை

பீட்டா எச்.சி.ஜி. என்று எழுதிக்கொடுப்பார்கள். கார்டுக்குச் சில நாள் முன்பே காட்டும். உண்டு, இல்லை என்பதோடு எண்ணும் வரும். 5-க்குக் கீழே இல்லை, 25-க்கு மேலே உண்டு, இடையில் இருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஆரோக்கியமான ஆரம்பக் கர்ப்பத்தில் இந்த எண் இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகையால் ஒரு எண்ணைவிட இரண்டு எண்களுக்கிடையே உள்ள ஏற்றமே டாக்டருக்கு முக்கியம். முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி நடுங்க வேண்டாம்.

செலவு கார்டைப் போலப் பல மடங்கு. பெரும்பாலும் ஒன்றோடு முடியாது. சிறிய ஊரில் லேபில் வேலை பார்ப்பவர் தெரிந்தவராக இருந்தால் செய்தி உங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச்சேரும் அபாயமும் உண்டு. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) போன்ற சிகிச்சையில் இருப்பவர், முன்பு கருக்குழாயில் கர்ப்பம் தங்கியவர், கார்டு 'இல்லை' என்றும் நாள் 'தள்ளிவிட்டது' என்றும் இழுபடுபவர் ஆகியோருக்கு இது தேவை. மற்றவர்கள் நாள் தள்ளும் முன் போய் ரத்தம் கொடுப்பது பெரும்பாலும் வீண்.

## வழி நான்கு: ஸ்கேன்

ஆவலில் உடனே ஸ்கேனுக்கு ஓடுபவர்கள் உண்டு. உட்புற ஸ்கேனில் கருவைச் சுற்றியுள்ள பை ஐந்தாவது வாரத்தில்தான் தெரியும், இதயத்துடிப்பு ஆறாவது வார வாக்கில். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் சுமார் ஒரு வாரம் தள்ளும். சீக்கிரம் போனால் "ஒன்னும் தெரியல" என்ற வார்த்தையோடு பயந்து திரும்ப வேண்டியதுதான். வலியோ ரத்தமோ இல்லாதபட்சத்தில் ஏழாவது வாரம் போனால் போதும்.

## தவறான வழி: மாத்திரை போட்டு 'வரவழைப்பது'

நாள் தள்ளியதும் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போடுவது, பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை என்று சாப்பிட்டுப் பார்ப்பது நம்மிடையே சர்வசாதாரணம். பரிசோதனைக்கு முன் எதையும் போடாதீர்கள். புரோஜெஸ்டிரான் வகை மாத்திரை கர்ப்பத்தைக் கலைக்காது. கர்ப்பம் இருந்தால் ரத்தமும் வராது. கருக்கலைப்பு மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது, ஆனால் வரும் ரத்தத்தைப் பார்த்து "முடிஞ்சுது" என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

கர்ப்பம் வேண்டாம் என்பவர் ஒளிந்து மாத்திரை தேட வேண்டியதில்லை. இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் சட்டமும் 2021 திருத்தமும் பதிவுபெற்ற மருத்துவர் வழியாக, சட்டம் சொல்லும் காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கின்றன. உங்கள் பெயரை வெளியிடவும் தடை இருக்கிறது. திருமணம் ஆனவர், ஆகாதவர் என்று பாகுபடுத்தக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீக்கிரம் தெரிந்துகொண்டால் வழியும் எளிது.

## கணக்கு சரிவராத சிலர்

பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டு உள்ளவர்கள்: முட்டை எப்போது வெளிவந்தது என்றே தெரியாததால் 'தள்ளிப்போனது' என்பதற்குப் பொருளில்லை. கடைசி உறவுக்கு மூன்று வாரம் கழித்துக் கார்டு போடுங்கள்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்கள்: முட்டை வெடிக்கப் போடும் ஊசியே எச்.சி.ஜி.தான். அது பத்து, பதினான்கு நாள்வரை உடம்பில் தங்கிப் பொய்யாக இரண்டு கோடு காட்டும். உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரான் மாத்திரை மார்பு வலி முதல் அசதிவரை எல்லா அறிகுறியையும் தந்துவிடும். மருத்துவமனை சொன்ன தேதிக்கு முன் எதையும் பார்க்காதீர்கள்.

கல்யாணம், கோயில் விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை எடுத்தவர்கள்: நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் வந்துவிடும். ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால் கார்டு. அந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது.

பால் கொடுப்பவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள்: பிரசவத்துக்குப் பின் முதல் மாதவிடாய் வரும் முன்பே கருத்தரிக்கலாம். நாற்பதைத் தாண்டியதும் "நிக்கிற வயசு" என்று விட்டுவிடுபவர்களும் ஏமாறுகிறார்கள்.

அண்மையில் கரு கலைந்தவர்கள்: சில வாரம் வரை எச்.சி.ஜி. மிச்சம் இருக்கும். கார்டு இவர்களுக்கு உதவாது, டாக்டரிடமே கேளுங்கள்.

## எந்த ஒப்பீடும் வேண்டாம், கிளம்புங்கள்

நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம், பேட் நனைய நனைய ரத்தம் என்று எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும். 108-ஐ அழைக்கலாம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முந்தைய நாள் போட்ட கார்டு 'இல்லை' என்று காட்டியிருந்தாலும் அதை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

## பதில் வந்த பிறகு

இரண்டு கோடு வந்து, கர்ப்பம் வேண்டும் என்றால், தமிழ்நாட்டில் உள்ளவர்கள் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அந்தப் பதிவு தேவை.

ஏழு நாள் கழித்தும் ஒரே கோடு, மாதவிடாயும் இல்லை என்றால் இன்னொரு வாரம் கழித்து ஒரு கார்டு. அதுவும் 'இல்லை' என்றால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எடை மாற்றம், மன அழுத்தம் என்று காரணம் தேட மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதவிடாய் வந்துவிட்டது, ஆனால் மாதாமாதம் இதே அவதி என்றால் அதையும் சும்மா விடாதீர்கள். காலண்டரில் தினமும் அறிகுறியைக் குறித்து வாருங்கள், இரண்டு மூன்று மாதம் போதும். மாதவிடாய்க்கு முந்தைய ஐந்து நாளில் தொடங்கி, வந்த நான்கு நாளுக்குள் விலகுகிறது என்றால் மாதவிடாய்க்கு முந்தைய தொந்தரவு என்று டாக்டர் உறுதிசெய்ய அந்தக் குறிப்பே உதவும். உடற்பயிற்சி சிலருக்குக் கைகொடுக்கிறது, கால்சியம் சிலருக்கு. வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கு மனம் உடைகிறது என்றால் அது அதன் கடுமையான வடிவமாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவர் தரும் மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. அடுத்த மாதம்வரை பொறுக்காமல் அந்தக் காலண்டரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.